மாணவரும் ஊழியரும் ஒருவரே: மதுரையிலிருந்து பார்க்கையில் முதுநிலை மருத்துவர்களின் தற்காப்பு உரிமை

மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் சிறிய மருத்துவமனைகள் கைவிரித்த நோயாளிகள் வந்து சேரும் அரசு இராஜாஜி மருத்துவமனை, 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக் களமாகவும் இருக்கிறது. முன்பு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருந்ததும் இன்றுவரை மக்கள் வாயில் பெரியாஸ்பத்திரி என்றே வழங்குவதுமான இந்த இடத்தில், பகலில் பேராசிரியர்கள் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகு, விடியும்வரை நோயாளியின் கட்டிலருகில் நிற்பவர்கள் பெரும்பாலும் முதுநிலைப் பட்ட மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் உள்ளிருப்புப் பயிற்சி மருத்துவர்களுமே. எனவே நள்ளிரவில் ஏதேனும் பிழை நேர்ந்தால் கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவேட்டில், முதலில் கண்ணில் படும் கையெழுத்தும் அவர்களுடையதாகவே இருக்கிறது. அந்தக் கையெழுத்துக்கு உரியவர்மீது மெமோ, அதாவது விளக்கம் கேட்கும் குறிப்பாணை, பாயும்போது அவர் என்ன சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ளலாம், யார்முன் சொல்லலாம், எந்த விதியை நம்பிச் சொல்லலாம் என்பவை தமிழ்நாட்டில் இன்னும் தெளிவாக விடை காணப்படாத கேள்விகள்.

இந்தத் தெளிவின்மைக்கு வேர், முதுநிலை மருத்துவர் ஒரே நேரத்தில் மாணவராகவும் ஊழியராகவும் இருப்பதில் உள்ளது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகளே அவரை மாணவர் என்று அழைத்து, அதே வரியில் முழுநேர உறைவிட மருத்துவராகப் பணிபுரிய வேண்டியவர் என்றும் கூறுகின்றன. வேலை வாங்க வேண்டிய வேளையில் அவர் ஊழியர். ஓய்வும் விடுப்பும் கேட்கும் வேளையில் அவர் மாணவர். தண்டிக்க வேண்டிய வேளையிலோ, இந்த இரண்டில் எது அவருக்குக் குறைவான பாதுகாப்பைத் தருகிறதோ அதுவே எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. ஆகவே ஒழுங்கு நடவடிக்கையை எதிர்கொள்ளும் ஒருவருக்கான தற்காப்பின் முதல் படி, தம்மை எந்த நிலையில் வைத்து நிர்வாகம் கேள்வி கேட்கிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதே.

தமிழ்நாட்டில் இந்த இரட்டை நிலை இரு வகை மாணவர்களாகவே பிரிந்து நிற்கிறது. ஏற்கெனவே அரசு மருத்துவராகப் பணியில் சேர்ந்து, ஊதியத்துடன் மேற்படிப்புக்கு வருபவர் சர்வீஸ் பி.ஜி.; பணியில் இல்லாமல் நீட் முதுநிலைத் தேர்வு வழியாக நேரே வந்து, உதவித்தொகை பெற்று, படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் பணிபுரிவதாகப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர் நான்-சர்வீஸ் பி.ஜி. இருவரும் ஒரே டியூட்டி பார்க்கிறார்கள், ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஆனால் ஒரே இரவில் ஒரே தவற்றுக்காக இருவருக்கும் மெமோ வந்தால் இருவரின் பாதையும் வேறு. முன்னவருக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகள் பொருந்தும். அவற்றில் 17(அ) சிறு தண்டனைகளுக்கானது. 17(ஆ), ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘செவன்டீன் பி’, பணிநீக்கம்வரை போகக்கூடிய பெருந்தண்டனைகளுக்கானது. 17(ஆ)வின்கீழ் குற்றச்சாட்டு திட்டவட்டமாக எழுதப்பட வேண்டும், அதற்கு ஆதாரமான விவரங்கள் தரப்பட வேண்டும், எழுத்துமூல விளக்கம் அளிக்கக் கால அவகாசம் தர வேண்டும், வாய்மொழி விசாரணை கோரப்பட்டால் நடத்த வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். விசாரணை அலுவலரின் அறிக்கையை, தண்டனை முடிவாகும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று 1993இல் இசிஐஎல் எதிர் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. தற்காலிகப் பணிநீக்கம், அதாவது சஸ்பென்ஷன், குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கப்படாமல் மூன்று மாதங்களுக்கு மேல் நீளக்கூடாது என்று 2015இல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

நான்-சர்வீஸ் மாணவருக்கு இவ்வளவு விரிவான கவசம் இல்லை. அவர்முன் இருப்பவை கல்லூரியின் ஒழுங்குக் குழு, சேர்க்கையின்போது கையெழுத்திட்ட உறுதிமொழி, பல்கலைக்கழக விதிகள், டீனின் அதிகாரம் ஆகியவை. இவற்றின் இடைவெளிகளை நிரப்புவது நீதிமன்றங்கள் வகுத்த இயற்கை நீதி, அதாவது யாரையும் அவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கலாகாது, தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கலாகாது என்ற அடிப்படை நெறி. தேர்வில் முறைகேடு செய்ததாகச் சில மாணவர்களின் தேர்வு முடிவை ரத்துசெய்த உத்தரப் பிரதேசக் கல்வி வாரியம் அவர்களைக் கேட்காமலே அப்படிச் செய்ததை 1962இல் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்ததிலிருந்து இந்த நெறி மாணவர்களுக்கும் பொருந்தி வருகிறது.

இந்த நெறி எல்லா இடத்திலும் ஒரே அளவில் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரியில் 1972 ஜூன் மாதம் ஓர் இரவில் மாணவியர் விடுதிக்குள் புகுந்து அநாகரிகமாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாணவர்களைக் கல்லூரி இரண்டு ஆண்டுகளுக்கு வெளியேற்றியபோது, சாட்சியம் சொன்ன மாணவியரைத் தங்கள்முன் நிறுத்தவில்லை, குறுக்கு விசாரணைக்கு வாய்ப்புத் தரவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம்வரை சென்றார்கள். 1973இல் ஹீராநாத் மிஸ்ரா வழக்கில் நீதிமன்றம் கல்லூரியின் பக்கமே நின்றது. குற்றச்சாட்டின் சாரம் அவர்களுக்குச் சொல்லப்பட்டது, பதில் சொல்ல வாய்ப்புத் தரப்பட்டது, அந்தப் பெண்களின் பெயரை வெளியிட்டிருந்தால் அவர்களுக்கு ஆபத்து நேர்ந்திருக்கும், ஆகையால் அந்தச் சூழலுக்கு அவ்வளவு போதும் என்பது தீர்ப்பின் போக்கு. மருத்துவக் கல்லூரி ஒழுங்கு வழக்குகளில் நிர்வாகங்களுக்கு இன்றும் கைகொடுக்கும் தீர்ப்பு இது. விடுதி வன்முறைக்கும் பெண்கள்மீதான அத்துமீறலுக்கும் பொருத்தமான இந்த அளவுகோலை, ஒரு டோஸ் தவறியதற்கோ ஒரு குறிப்பு எழுதாமல் விட்டதற்கோ பயன்படுத்துவது நியாயமாகாது. சிகிச்சைப் பிழை வழக்கில் மறைக்கப்பட வேண்டிய சாட்சி யாரும் இல்லை. ஆவணங்களும் மேலதிகாரிகளும்தாம் இருக்கிறார்கள், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்வதால் யாருக்கும் ஆபத்து நேராது.

இதில் மதுரையின் அனுபவமே பலவற்றைக் காட்டுகிறது. 2023ஆம் ஆண்டில் இராஜாஜி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் நிகழ்ந்த தாய்மார் மரணங்களைத் தொடர்ந்து, சிகிச்சையில் குறைபாடு இருந்ததாகவும் கேஸ் ஷீட் திருத்தப்பட்டதாகவும் மாநகராட்சிச் சுகாதாரத் தரப்பிலிருந்து குற்றச்சாட்டு எழ, மருத்துவர்கள் அதை மறுத்துப் பணிப் புறக்கணிப்பு வரை சென்றார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது இந்தக் கட்டுரையின் வேலையன்று. ஆனால் ஒரு மகப்பேறு வார்டின் பதிவேடு எப்படி உருவாகிறது என்பதை அறியாமல் ‘திருத்தப்பட்டது’ என்ற சொல்லை எடைபோட முடியாது. இரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயின் கட்டிலருகில் இருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி, ஒரு கையால் கருப்பையை அழுத்திக்கொண்டே மறுகையால் பேனா பிடிக்க முடியாது. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீர் வெளியேறிய அளவு, ஏற்றிய இரத்தப் பைகள் எல்லாம் துண்டுக் காகிதத்திலோ செவிலியரின் நோட்டிலோ குறிக்கப்பட்டு, நெருக்கடி ஓய்ந்த பிறகே கேஸ் ஷீட்டில் ஏறுகின்றன. அப்படிப் பின்னர் எழுதுவதைத் ‘தாமதமாக எழுதியது’ என்று தலைப்பிட்டு, எழுதிய நேரத்தையும் நிகழ்ந்த நேரத்தையும் தனித்தனியே குறித்தால் அது நேர்மையான பதிவு. பழைய எழுத்தின்மேல் எழுதினாலோ வெள்ளை மை பூசினாலோ தாளை மாற்றினாலோ, உள்நோக்கம் எதுவாயினும் அது மோசடியாகவே பார்க்கப்படும். பிழையான வரியை ஒரே கோட்டால், படிக்கும்படி அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் நேரமும் இட வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுத்தர வேண்டிய பொறுப்பு துறைத் தலைவருடையது. அது கற்றுத்தரப்படாத துறையில் மாணவியை மட்டும் தண்டிப்பது நியாயமன்று.

அதைவிட முக்கியமான ஒன்று, அழைப்பு. இரவில் மூத்தவரின் உதவி தேவைப்படும்போது பி.ஜி. யூனிட்டின் உதவிப் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவர் வருகிறார், அல்லது தொலைபேசியிலேயே ஆலோசனை சொல்கிறார், அல்லது எடுப்பதில்லை. இவற்றில் எது நிகழ்ந்தாலும் ‘உதவிப் பேராசிரியருக்குத் தகவல் சொல்லப்பட்டது, இன்ன மணிக்கு, இன்ன ஆலோசனை’ என்ற ஒரே வரி கேஸ் ஷீட்டில் இருந்தால், பிறகு வரும் விசாரணையில் அந்த ஒரு வரி வேறெந்த வாதத்தையும்விட எடை மிக்கது. அந்த வரியை எழுதுவது மூத்தவர்மீது குற்றம் சாட்டுவதாகப் பார்க்கப்படும் வார்டுகளில் அது எழுதப்படுவதில்லை. அதனால் விசாரணைக்கு முன் வரும் ஆவணம் ஒரு மாணவர் தனியாக எடுத்த முடிவுகளின் பட்டியலாகக் காட்சி தருகிறது.

இங்கிலாந்தின் லெஸ்டர் மருத்துவமனையில் 2011 பிப்ரவரியில் ஜாக் ஆட்காக் என்ற ஆறு வயதுச் சிறுவன் இறந்த வழக்கு இந்தக் காரணத்துக்காகவே உலகெங்கும் பேசப்பட்டது. குழந்தை மருத்துவப் பயிற்சியில் இருந்த ஹதீசா பாவா-கார்பா, மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர். அன்று இல்லாத சக மருத்துவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பரிசோதனை முடிவுகளைத் தரும் கணினி முறை பழுதாகி நின்றிருந்தது. 2015இல் அவர் கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். மருத்துவத் தீர்ப்பாயம் ஓராண்டு பணியிலிருந்து விலக்கியதே போதும் என்றபோது, பொது மருத்துவக் கவுன்சில் மேல்முறையீடு செய்து 2018 ஜனவரியில் அவரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கச் செய்தது; அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துசெய்தது. இறந்த குழந்தையின் பெற்றோருக்கு எந்தத் தீர்ப்பும் ஆறுதல் தராது. எனினும் அமைப்பின் குறைகளை எடைபோடாமல் கடைசியாக நோயாளியைத் தொட்ட கையை மட்டும் வெட்டுவது சரியா என்ற கேள்வியை அந்த வழக்கு நீதிமன்றத்தின்முன் வைத்தது. இந்தியாவிலும், மருத்துவர்மீது குற்றவியல் வழக்குத் தொடரக் கடும் கவனக்குறைவு இருந்தாக வேண்டும், அதற்குச் சுதந்திரமான மருத்துவக் கருத்து பெறப்பட வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கல்லூரியின் உள்விசாரணைக்கு இந்த அளவுகோல் நேரடியாகப் பொருந்தாது. ஆனால் விளக்கம் எழுதும் மாணவர் அதன் பின்னுள்ள நியாயத்தைத் தம் தரப்பில் எடுத்துவைக்கலாம்.

திறமைக் குறைவையும் ஒழுங்கீனத்தையும் ஒன்றாகக் கலப்பது இன்னொரு பெருங்குறை. ஒரு மாணவருக்கு அறுவைக் கை வரவில்லை, முடிவெடுக்கும் வேகம் போதவில்லை என்றால் அது கல்வி சார்ந்த மதிப்பீடு. அவர் பணிக்கு வராமல் ஏமாற்றினார், பொய் எழுதினார் என்றால் அது நடத்தை. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழக மருத்துவ மாணவி ஹோரோவிட்ஸ் கல்விக் காரணங்களால் நீக்கப்பட்ட வழக்கில் 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டையே அடிப்படையாக்கியது. கல்வி மதிப்பீட்டுக்கு முறையான விசாரணை தேவையில்லை, ஆனால் மாணவருக்குக் குறை முன்கூட்டிச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மாணவியின் திறனை ஏழு வெளி மருத்துவர்கள் தனித்தனியே மதிப்பிட வாய்ப்பும் தரப்பட்டிருந்தது. நம் கல்லூரிகளில் இந்த வேறுபாடு பேணப்படாதபோது விளைவு இருபக்கமும் கெடுகிறது. கற்றுக்கொடுக்க வேண்டிய குறை மெமோவாக மாறுகிறது. கண்டிக்க வேண்டிய நடத்தை ‘பாவம், படிக்கிற பிள்ளை’ என்று மூடப்படுகிறது. லாக் புக், அதாவது மாணவர் செய்த சிகிச்சைகளையும் ஆசிரியரின் மதிப்பீட்டையும் பதியும் ஏடு, மாதந்தோறும் உண்மையாகக் கையெழுத்திடப்பட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆறு மாதக் குறைபாட்டைப் பற்றி ஆறு மாதமும் ‘நன்று’ என்று கையெழுத்திட்ட ஆசிரியர், ஏழாம் மாதம் அதையே ஒழுங்கீனம் என்று எழுத முடியாது.

மெமோவுக்கு எழுதும் முதல் பதில் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பலரும் காலங்கடந்தே உணர்கிறார்கள். மெமோ கிடைத்ததும் சீனியர்களின் வழக்கமான அறிவுரை, ‘ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, முடிந்துவிடும்’ என்பது. பல வேளைகளில் முடிந்தும் விடுகிறது. முடியாத வேளையில் அந்தக் கடிதமே ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் உட்கார்ந்துகொள்கிறது. பதில் எழுதும் முன் குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலைக் கேட்பதும், அவகாசம் போதாவிட்டால் அதை எழுத்தில் கோருவதும், நிகழ்ந்ததை நேர வரிசையில் உணர்ச்சி கலக்காமல் எழுதுவதும், தெரியாததைத் தெரியாது என்றே விடுவதும், உண்மையான தவறு இருந்தால் அதன் எல்லையை மிகச் சரியாக வரைந்து ஒப்புக்கொள்வதும் கீழ்ப்படியாமை ஆகா. அவை விதி தரும் உரிமைகள். ‘நான் அந்த மருந்தின் அளவைத் தவறாக எழுதினேன், செவிலியர் சுட்டிக்காட்டியதும் திருத்தினேன்’ என்பதும் ‘என் தவறுகளுக்கு எல்லாம் மன்னிப்புக் கோருகிறேன்’ என்பதும் விசாரணை அலுவலரின் மேசையில் மிக வேறான இரண்டு ஆவணங்கள்.

இந்த உரிமைகளைப் பயன்படுத்தத் தயங்குவதற்குக் காரணம் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. மெமோ கொடுக்கும் துறைத் தலைவரே ஆய்வேட்டின் வழிகாட்டியாக இருக்கலாம். செய்முறைத் தேர்வில் உள்தேர்வாளராக உட்காரலாம். விடுப்பில் கையெழுத்திடுபவரும் அவரே. ஆய்வேடு தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைக்கப்பட வேண்டும், வருகைப்பதிவு குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும் என்னும் விதிகளுக்கு நடுவே, மூன்று மாத சஸ்பென்ஷன் ஒருவரை அடுத்த தேர்வுச் சுற்றுக்குத் தள்ளிவிட வல்லது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே தண்டனை அனுபவித்து முடிந்துவிடுகிறது. எனவே ஒழுங்கு விசாரணைக் குழுவில் அந்தத் துறையைச் சாராதவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், மெமோ கொடுத்தவர் சாட்சியாக மட்டுமே வர வேண்டும் என்பது கருணை கேட்டு எழும் கோரிக்கையன்று. தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்ற நெறியின் நேரடியான விளைவு. மதுரையின் தனியார் மருத்துவமனைகளில் தேசிய தேர்வு வாரியத்தின் டி.என்.பி. என்னும் முதுநிலைப் பயிற்சி பெறுவோரின் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே பயிற்சி தருவதும் வேலை வாங்குவதும் ஒரே நிர்வாகம், தேர்வு நடத்துவது டெல்லியிலுள்ள வாரியம்.

கூட்டாகக் குரல் எழுப்பும்போது நிலைமை வேறு முகம் எடுக்கிறது. ஊதிய உயர்வு, நோயாளிகள் எண்ணிக்கைக்கேற்ற மருத்துவர் பணியிடங்கள், மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கான இட ஒதுக்கீடு முதலிய கோரிக்கைகளுடன் 2019 அக்டோபர் 25 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம், பணித்தொடர்ச்சி முறிக்கப்படும் என்ற எச்சரிக்கைக்குப் பின் நவம்பர் 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. பங்கேற்றவர்கள் பலர் தொலைதூர ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடமாற்றங்களை ரத்துசெய்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் கூறிய டி.கே. ரங்கராஜன் வழக்கும் தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது என்பதை நினைத்தால், போராட்டத்தில் இறங்கும் சர்வீஸ் பி.ஜி. எவ்வளவு மெல்லிய பலகையில் நிற்கிறார் என்பது விளங்கும். உரிமை இல்லை என்பதற்காக இடமாற்றத்தைத் தண்டனைக் கருவியாக்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு இடமில்லை என்பதே மேற்சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பு தரும் ஆறுதல்.

விசாரணைக்கு முன்பே தண்டிக்கும் அவசரம் மாணவர்களோடு நிற்பதில்லை. 2022 ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் வழக்கமான ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழியை எடுத்ததையொட்டி, டீன் ரத்தினவேல் மறுநாளே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டுக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலிருந்து தாங்களே அதை எடுத்ததாக மாணவர் பேரவை விளக்கமளித்தது. சில நாள்களுக்குள் அவர் மீண்டும் அதே பொறுப்பில் அமர்த்தப்பட்டார். முதுநிலை மருத்துவர் வழக்கு அல்ல இது. என்றாலும் தண்டிக்கும் நாற்காலியில் இருப்பவரையே முன்விசாரணையற்ற தண்டனை எப்படித் தீண்டும் என்பதை அந்தக் கல்லூரி நேரில் கண்டிருக்கிறது.

தற்காப்பு உரிமை என்பது குற்றத்தை மூடும் போர்வையன்று. 1996இல் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதன் விளைவாகவே தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பாலியல் தொல்லைப் புகார்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவும் அதற்கெனத் தனி நடைமுறையும் உள்ளன. மும்பையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவர் பாயல் தத்வி 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்ட வழக்கில், துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று மூத்த மாணவிகள் படிப்பைத் தொடர 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. பாயலின் தாய்க்கு அது வேதனை தந்திருக்கும். ஆயினும் வழக்கு முடியும்வரை குற்றவாளி என்று யாரையும் கருதலாகாது என்ற நெறி, நாம் வெறுக்கும் குற்றச்சாட்டிலும் நிற்காவிட்டால் வேறெங்கும் நிற்காது. கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் கல்லூரி 2024இல் மிரட்டல் கலாசாரக் குற்றச்சாட்டின்பேரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இளநிலை மருத்துவர்களை இடைநீக்கம் செய்த தீர்மானம், மாநில அரசு முடிவெடுக்கும்வரை செயல்படாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அக்டோபரில் நிறுத்திவைத்ததும், சக மாணவர்களின் நியாயமான கோபத்தைக்கூட நடைமுறைக்குள் கொண்டுவரும் முயற்சியே.

மதுரையில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை மேலூர்ச் சாலையில் அருகிலேயே இருக்கிறது. தென்மாவட்டக் கல்லூரிகளின் ரிட் மனுக்கள் அங்கே வருகின்றன. ஆனால் நீதிமன்றம் பெரும்பாலும் நடைமுறையைப் பார்க்கும். மருத்துவ முடிவு சரியா என்பதற்குள் இறங்கத் தயங்கும். அதனால் கல்லூரிக்குள் தொடக்கத்திலேயே சரியான ஆவணங்களைக் கோப்பில் சேர்க்காதவர் அங்கே போய் அவற்றைப் புதிதாக உருவாக்க முடியாது.

அந்த ஆவணங்களில் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளோடு சேர்க்கப்பட வேண்டிய ஒன்று, அந்த இரவின் டியூட்டிப் பட்டியல். மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம் தொடர்ச்சியான பணி சாதாரணமாக 12 மணிநேரத்தைத் தாண்டலாகாது என்றது. 2023 விதிமுறைகள் நியாயமான பணிநேரம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு என்கின்றன. ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024இல் வாரம் 74 மணிநேரத்தை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது. எத்தனை மணிநேரமாக அவர் விழித்திருந்தார், வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், அழைக்கத்தக்க மூத்தவர் யார், அவர் எங்கே இருந்தார் என்ற விவரங்கள் இல்லாமல் ஒரு சிகிச்சைப் பிழைக்காக 17(ஆ) வழங்கினால், குற்றம் சாட்டப்பட்டவர் தம் முதல் பதிலிலேயே அந்தப் பட்டியலின் நகலைக் கேட்க வேண்டும். தர மறுத்தால் அந்த மறுப்பையும் தேதியோடு கோப்பில் பதிவாக்க வேண்டும்.